கல்லை வளைத்த அத்தான்

எங்கள் அத்தான் கையில் ஒரு இனிப்பைக் கொடுத்தால் அதை உடனே வாயில் போடமாட்டார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் உருட்டுவார். அப்புறம் கொடுத்தவரைப் பார்த்து, "இதுல என்ன சேத்திருக்கீங்க?" என்று கேட்பார். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. பச்சைப் பிள்ளையைக் குனிந்து பார்த்து, "இது யாரு ஜாடை?" என்று கேட்பார்களே, அந்த ஆசைக் குரல். ஆனால் எதிரே நிற்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே கேட்டுவிட்டார். அம்மா செய்த கேசரி. அம்மாவுடைய கேசரிக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு. அத்தான் தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி, "இந்த நிறத்துக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றார். அம்மா முகம் சுருங்கிப்போயிற்று. அவரைப் பெற்ற அம்மாள் பக்கத்திலிருந்து அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அப்பாதான் சமாளித்தார். "கேசரிப் பவுடர்தான். சங்கரன்கோவில்ல குங்குமப்பூவா வெளையுது?"

"ஒரு சிட்டிகைதானே போட்டிருப்பீங்க?"

"ஒரு சிட்டிகைதான்."

"பாருங்க!" என்று அத்தான் கூட வந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு சிட்டிகை. சட்டி முழுக்க மாறிப்போச்சு."

என் பக்கத்தில் நின்ற அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற நேரத்தில் பெண் சிரித்த சத்தம் கூடத்தில் கேட்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. நல்லவேளையாக அத்தான் இரண்டாவது தடவை கேசரி கேட்டார், எல்லோரும் அதைக் கவனிக்கப் போய்விட்டார்கள். சாயங்காலம் பூக்கட்டும்போது நான் அக்காவைக் கேட்டேன், "என்னக்கா, ஆளு பிடிச்சிருக்கா?"

"என்னய ஒரு தடவகூடப் பாக்கல. கேசரியத்தான் பாத்தாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேசரியவே அப்படிப் பாக்கிறவரு, என்னயப் பாக்க ஆரம்பிச்சா நல்லாத்தான் பாப்பாரு" என்றாள்.

அத்தான் பாளையங்கோட்டையில் ரசாயனம் படித்தவர். பம்பாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்ன வேலை என்று அப்பாவைக் கேட்டால், "கல்லு செய்யிற வேலை" என்பார். மாவு அரைக்கிற கல்லா, வீடு கட்டுகிற கல்லா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கம்மலில் பதிக்கிற சிவப்புக் கல் இருக்கிறதே, அதை மண்ணுக்குள்ளிருந்து தோண்டாமல் நெருப்பிலே வளர்த்து எடுப்பார்களாம். படிகாரத்தைச் சுட்டு எடுத்த வெள்ளைப் பொடியை மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிட, கீழே எரிகிற சுவாலையில் அது உருகி, பம்பரம் மாதிரி ஒரு கல்லாக வளர்ந்து நிற்குமாம். வெறும் பொடி என்றால் கல் தண்ணீர் மாதிரி வெள்ளை. பொடியோடு துளி குரோமியம் சேர்த்தால் ரத்தச் சிவப்பு. அந்தத் துளியை நிறுத்துச் சேர்ப்பவர்தான் எங்கள் அத்தான். சிட்டிகையின் மேல் அவருக்கு அத்தனை மோகம் ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைத்து வந்து வாசலில் ஆரத்தி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர் நிலைப்படிக்கு மேலே திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்த படிகாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆரத்தி எடுத்த பெண்கள், மாப்பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றே நினைத்தார்கள். நான்தான் கொழுந்தியாள் என்கிற உரிமையில், "என்ன அத்தான், உங்க தொழிற்சாலைக்கு வேணுமா? அவுத்துத் தரவா?" என்றேன்.

"இது வேற படிகாரம். இதுல பொட்டாசு இருக்கு. எங்களுக்கு ஆகாது" என்றார், ரொம்ப வருத்தத்தோடு.

இரண்டு வருஷம் போல பம்பாய்ப் பக்கம் இருந்தார்கள். அப்புறம் அந்தத் தொழிற்சாலையை முதலாளி மூடிவிட்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். அக்காவும் அத்தானும் ரயிலில் வந்து சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அக்கா கையில் ஒரு டிரங்குப் பெட்டி. அத்தான் கையில் பிளானல் துணியில் சுற்றிய ஒரு கட்டு. மூட்டை தூக்க வந்தவரிடம் பெட்டியைக் கொடுத்தார், கட்டைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே குச்சி குச்சியாகக் கற்கள். ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. தொழிற்சாலை மூடுகிறபோது முதலாளி ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாராம்.

"வேற ஞாபகம் ஒண்ணும் கொடுக்கலையா மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு நூல் கடை. வீட்டுக்குப் பின்னால் தறிகளும், நூல் சுற்றுகிற ஒரு மோட்டார் மிஷினும் உண்டு. எதையும் தட்டிப் பார்த்தே பேசுகிறவர்.

மாமனார் வீட்டில் மருமகன் வந்து தங்கினால் முதல் மாதம் விருந்தாளி. அடுத்த மாதம் தெரு அவனுக்குப் பெயர் வைத்துவிடும். 'கல்லு மாப்பிள்ளை' என்று வைத்தார்கள். அத்தானுக்கு அதில் வருத்தம் இல்லை. அது சரியான விவரம்தானே என்றார். அக்காவுக்குத்தான் வருத்தம். பின்கட்டில் துணி துவைக்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இந்த வீட்டுல எனக்கு மகளா இருக்கவும் முடியல. அவருக்குப் பொண்டாட்டியா இருக்கவும் முடியல. சோறு போடும்போது அம்மா அவரு இலையப் பாக்கா. அப்பா என் மொகத்தப் பாக்காரு."

அந்த வீட்டில் இதெல்லாம் தெரியாத ஒரே ஆள் அத்தான்தான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அவரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் கொடுத்தார்கள். அம்மா கண்ணை மூடி நெற்றியில் வைத்து, ஒரு துளி வாயிலும் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால், மருமகன் உள்ளங்கை மண்ணை ஒற்றை விரலால் பரப்பிக்கொண்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை! நெத்தியில வைங்க."

"வைக்கேன் அத்தை. இதுல என்னென்ன இருக்குன்னு..."

"அதுல அம்மன் இருக்கா. போதுமா?"

"சரி அத்தை" என்று பயபக்தியோடு நெற்றியில் இட்டுக்கொண்டார். நாலு எட்டு நடந்த பிறகு மெதுவாக, "மிச்சத்துல?" என்றாராம். வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சொல்லி அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் கொக்கி விஷயம் வந்தது.

நூல் சுற்றுகிற மிஷினில் நூல் ஒரு சின்னக் கொக்கி வழியாக ஓடி வரும். இரும்புக் கொக்கி. பஞ்சு நூல் என்ன செய்துவிடும் என்று நினைப்போம். ஓடி ஓடி அது இரும்பிலேயே வாய்க்கால் வெட்டிவிடும். வாய்க்கால் விழுந்த கொக்கியில் சிக்கி நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்பா தினமும் அந்த மிஷின் முன்னால் நின்று கத்துவார். ஒருநாள் அவர் கத்திக்கொண்டிருந்தபோது அத்தான் பக்கத்தில் போய், "மாமா, இந்தக் கொக்கிய வெள்ளைக் கல்லுல செஞ்சா நூலு அதை அறுக்காது" என்றார்.

"கல்லுல எப்படி மாப்பிள்ளை கொக்கி செய்வீங்க? செதுக்கியா?"

"வளைச்சுத்தான்."

அப்பா மோட்டாரை நிறுத்தினார். அறுந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே, "கல்ல வளைக்கப் போறீங்க" என்றார்.

"வளையும் மாமா. வேண்டிய சூடு கொடுத்து, அவசரப்படாம இருந்தா வளையும்."

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கல்லு மாப்பிள்ளை கல்லை வளைக்கப் போகிற சேதி பூக்கடைத் தெரு வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சூடு எங்கள் அடுப்பில் வராது, கொல்லன் உலையிலும் வராது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஷெட் இருந்தது. அங்கே கடையநல்லூர் பாய் ஒருவர் காஸ் வெல்டிங் வைத்திருந்தார். அத்தான் அவரிடம் போய்ப் பேசினார். பாய் நல்ல மனிதர். வேலையில்லாத நேரத்தில் சுவாலையைத் தருவதாகச் சொன்னார். இரண்டு மூன்று தடவை போய் வந்தார் அத்தான். போன குச்சிகள் எல்லாம் துண்டு துண்டாகத் திரும்பி வந்தன.

காரணம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சுவாலையை ஒரு கையில் பிடித்து மெதுவாகக் காட்டிக்கொண்டே, மறு கையில் இடுக்கியால் குச்சியின் நுனியை இழுக்க வேண்டும். கல் இளகப் போகிற நேரம் வந்ததும் இவர், "இரு, பாக்கேன்" என்று குனிந்து பார்க்கப் போய்விடுவார். கை நின்றுவிடும், சூடு விட்டுப்போகும், கல் உடைந்துவிடும்.

"நான் வந்து இழுக்கேன்" என்றாள் அக்கா. "நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

லாரி ஷெட்டுக்குப் பெண்பிள்ளை போவதாவது! அதற்கும் பாயே வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நாங்க எல்லாம் பள்ளிக்குப் போயிருவோம் சார். லாரிக்காரனும் வரமாட்டான். கதவச் சாத்திக்கிட்டு வேலையப் பாருங்க. தங்கச்சி தொணைக்கு வரட்டும்."

துணை என்றது என்னை. அம்மாவிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம், "நடை சாத்துன பொறகு எந்தக் கோயிலுக்குட்டி போயிட்டு வாரீங்க? மூஞ்சியெல்லாம் கரி!" என்றாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

கல் வளைந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செங்கல்லை அடுக்கிச் சின்னக் கூடு மாதிரிக் கட்டி, குச்சியை அதற்குள் நீட்டி வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் இரண்டு கறுப்புக் கண்ணாடி. நான் பாயுடைய உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவாலை பட்டுப் பட்டுக் குச்சி முதலில் சிவந்து, மஞ்சளாகி, கண் கூசுகிற வெள்ளையாயிற்று. அத்தான் வழக்கம்போல, "இரு, பா..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம சூட்டக் காட்டுங்க" என்றாள் அக்கா. "பதம் வருது."

பாகு கம்பிப் பதத்துக்கு வரும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம். இடுக்கியை இழுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதை அதன் பாட்டுக்கு வரவிட்டாள். கல் தயங்கித் தயங்கி, மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வேலைக்காரன் எழுந்திருப்பதைப் போல, மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து, வளைந்து, கொக்கியாயிற்று. பிறகு கூட்டை மூடி, சாம்பலைப் போட்டு ஆறவிட்டார்கள்.

தொழுகை முடிந்து வந்த பாய் ஆறின கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடிதானே சார்?" என்றார். அத்தான் ஒரு சோடா பாட்டிலை எடுத்து அதன்மேல் கொக்கியால் ஒரு கோடு போட்டார். கீச்சென்று பாட்டிலில் தழும்பு விழுந்தது. கொக்கியில் ஒன்றும் இல்லை. பாய் தலைத்தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, அக்கா பக்கம் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

அந்தக் கொக்கியை அப்பாவுடைய மிஷினில் மாட்டினோம். வாரக்கணக்கில் ஓடியது. வாய்க்காலும் விழவில்லை, நூலும் அறவில்லை. அப்பா கத்துவது நின்றுபோய் வீடே வேறு வீடு மாதிரி ஆயிற்று. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வியாபாரி. ராஜபாளையம் பக்கத்து மில் மானேஜர் ஒருவர் நூல் விஷயமாக வந்தபோது அப்பா மருமகன் பெருமையை விரித்துக் காட்டினார். மானேஜர் மிஷின் முன்னால் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார்.

"எங்களுக்கு இது நெறைய வேணும்" என்றார். "ஆனா ஒரு சங்கடம். நூலும் வெள்ளை, கொக்கியும் வெள்ளை. நூலு கொக்கிக்குள்ள இருக்கா, வெளிய நழுவிருச்சான்னு வேலை செய்யிற பொண்ணுங்களுக்குத் தெரியாது. இதையே சிவப்புல கொடுக்க முடியுமா?"

"சிவப்பும் இருக்கு. அடுத்த தடவை வரும்போது தயாரா இருக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு அத்தான், "மாமா, சிவப்பு வேற கல்லு" என்றார்.

"என்ன வேற? ஒரே பொடிதான், துளி சாமான்தான் கூடன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்தத் துளிதான் மாமா."

அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவர் ரொம்பப் பாடுபட்டார். கல்லுக்குள்ளே அடுக்கு அடுக்காக இருக்குமாம். நல்ல சூட்டில் ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் வழுக்கி நகரும். அதனால்தான் வெள்ளைக் கல் உடையாமல் வளைகிறது. குரோமியம் சேர்ந்தால் அதன் துகள் கொஞ்சம் பெரிசு, அங்கங்கே துருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். "தறியில பாவு நூல்ல ஒரு முடிச்சு விழுந்தா என்ன ஆகும்? அச்சுல மாட்டிக்கிட்டு இழை நகராதுல்ல? அது மாதிரிதான்."

"முடிச்சு விழுந்தா நான் நூல மாத்துவேன்" என்றார் அப்பா. "என் வாக்க மாத்த முடியாது."

அப்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தான், எங்க அக்கா வெள்ளைக் கல்லா சிவப்புக் கல்லா?" என்று கேட்டேன். கேலிக்குத்தான் கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கல்லு கல்லுதான். மனுசிய அதோட சேக்கப்படாது" என்றார். இவரிடம் கேலி பேசுவதைவிட நிலைப்படியிடம் பேசலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிவப்புக் குச்சிகளைக் கொண்டுபோனோம். அதில் ஆழ்ந்த சிவப்பும் உண்டு, ரோஜா நிறமும் உண்டு, இரண்டுக்கும் நடுவிலும் உண்டு. வெள்ளைக் கல் தலை சாய்த்த அதே சூட்டில் சிவப்புக் கல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அக்கா எவ்வளவோ பொறுமையாகப் பார்த்தாள். கொஞ்சம் கூட இழுத்தபோது டக்கென்று போயிற்று. இன்னொன்று. அதுவும் டக். ரோஜா நிறத்துக் குச்சி மட்டும் லேசாகத் தலை குனிந்தது, பிறகு அதுவும் உடைந்தது. பாய் வந்து கதவைத் தட்டுவதற்குள் சிவப்புக் கட்டு பூராவும் துண்டாகிவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வீட்டைவிட்டு வெளியே போக அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த மில் ஆர்டர்தான். வேறு என்ன செய்வாள்?

அத்தான் மட்டும் உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தோள்துண்டில் முடிந்துகொண்டு எங்களுக்கு முன்னால் வேகு வேகென்று வீட்டுக்கு நடந்தார். கூடத்தில் அப்பா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். இவர் அவர் எதிரே உட்கார்ந்து, ஒரு தாம்பாளத்தை இழுத்துத் துண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"மாமா, எல்லாம் ஒடைஞ்சிருச்சு!"

அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"வரிசையா ஒடைஞ்சிருக்கு மாமா! பாருங்க, சிவப்பு ஏற ஏற வளையல. இது கடுஞ்சிவப்பு, அசையவே இல்ல. இது நடு, முனை மட்டும் லேசா. இது ரோஸ், கொஞ்சம் குனிஞ்சுட்டுத்தான் போச்சு. எவ்வளவு கலந்திருக்கோ அவ்வளவு வீம்பு. நான் நெனச்சதுதான்!"

"நீங்க நெனச்சது நடந்துருச்சு" என்றார் அப்பா. "சந்தோசம்." எழுந்து பின்பக்கம் போய்விட்டார். உள்ளே அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மானேஜர் வரும் நாளுக்கு முன்னால் அப்பா தானாகவே ஒரு காரியம் செய்தார். அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமானுக்குப் பூசுகிற சிவப்பு அரக்கு இருக்கிறதே, அதை வரவழைத்தார். அதற்குள் அக்கா வளைத்து வைத்திருந்த வெள்ளைக் கொக்கி நாலைந்தில் பூசிக் காயவைத்தார். என்ன அழகாக இருந்தது தெரியுமா! நிஜச் சிவப்புக் கல் தோற்றுப்போகும். "மாப்பிள்ளை, இன்னைக்கு ஒரு நாள் நீங்க வாயத் தொறக்காதீங்க. ஆர்டர் கைக்கு வரட்டும், பொறகு பாத்துக்கிடலாம்" என்றார். அத்தான் தலையை ஆட்டினார். அக்கா அவரையே பார்த்தாள்.

மானேஜர் வந்தார். சிவப்புக் கொக்கியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மிஷினில் மாட்டச் சொல்லி ஓட்டினார். வெள்ளை நூல் சிவப்புக் கொக்கியில் பளிச்சென்று தெரிந்தது. "பிரமாதம்" என்றார். அப்பா முகம் மலர்ந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரோரமாக நின்றார். நின்றார், நின்றார். அப்புறம், தும்மல் வந்தவனைப்போல, அடக்க முடியாமல் வந்துவிட்டது:

"அது மேல அரக்கு சார்."

மானேஜர் திரும்பி அத்தானைப் பார்த்தார்.

"உள்ள வெள்ளைக் கல்லுதான். சிவப்புக் கல்ல என்னால வளைக்க முடியல. அந்தச் சுவாலைக்கு அது வராது."

மானேஜர் கொக்கியை நகத்தால் சுரண்டினார். "ஏன் சொன்னீங்க? நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

"நூலு கண்டுபிடிச்சிருக்கும் சார்."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் யாருக்கு முன்னாலும் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. மானேஜர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட எழுந்தார்.

அப்போது கதவுக்குப் பின்னால் இருந்து அக்காவுடைய குரல் வந்தது. "கொக்கிக்கு எதுக்கு நிறம்? மிஷின்ல அதுக்குப் பின்னால இருக்கிற பலகைக்குக் கறுப்பு அடிச்சா வெள்ளை தெரியாதா?"

அம்மா அவள் வாயைப் பொத்தக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேவிட்டாள். வருகிற வழியில் அலமாரியில் இருந்த என் பழைய சிலேட்டை எடுத்தாள். மானேஜரைத் தாண்டிப்போய், அரக்குப் பூசாத ஒரு கொக்கியை மாட்டி, அதற்குப் பின்னால் சிலேட்டை நிறுத்திப் பிடித்தாள். நூல் ஓடியது. கறுப்புக்கு முன்னால் வெள்ளைக் கொக்கியும் தெரிந்தது, அதற்குள் மயிரிழை மாதிரி ஓடும் நூலும் தெரிந்தது. நூல் நழுவினால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதுகூடத் தெரிந்தது.

மானேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "இத யாரும்மா வளைச்சது?"

"அவருதான்" என்றாள் அக்கா.

"நான் சூடு காட்டுனேன். வளைச்சது இவ" என்றார் அத்தான், அப்போதும் விவரம் தப்பிவிடக் கூடாதே என்று.

மானேஜர் அந்தக் கொக்கியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா அத்தானோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. "என் வீட்டுக் கூடத்துல நின்னு என் மானத்த வாங்கிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அத்தானுக்கும் கேட்டது. அவர் வந்து என்னிடம் மெதுவாக, "பொய் கலந்திருக்குன்னு தெரிஞ்சும் நான் எப்படி ஏட்டி சும்மா இருக்கது?" என்று கேட்டார். நான் கேலி செய்ய வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி தரட்டுமா அத்தான்?" என்று மட்டும் கேட்டேன்.

சில நாள் கழித்து மில்லிலிருந்து ஆள் வந்தான். பலகைக்குக் கறுப்பு அடித்துப் பார்த்தார்களாம், சரியாக இருந்ததாம். அத்தானுக்கு மில் ஒர்க்‌ஷாப்பில் வேலை, குடியிருக்க வீடு. வெள்ளைக் குச்சியை வெளியிலிருந்து அவர்களே வரவழைத்துக்கொள்வார்கள். கொக்கி வளைப்பதற்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டுத் தருகிறார்கள். 'சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வரவும்' என்று மானேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா டிரங்குப் பெட்டியை அன்றைக்கே இறக்கித் துடைத்தாள். பஸ் ஏற்றிவிட நானும் அம்மாவும் போனோம். அப்பா கடையில் இருந்தார். அத்தான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் கடை இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் தீபாவளி வந்தது, போயிற்று. அக்கா வீட்டுக்குப் பொங்கல்படிச் சீர் நான்தான் கொண்டுபோனேன். அப்பா போகவில்லை. ஆனால் நான் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒவ்வொரு தடவையும், கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே தலையைத் தூக்காமல், "ஷெட்டு மழைக்கு ஒழுகுதாமா?" "பாய் போய்ப் பாத்தாராமா?" என்று ஏதாவது ஒன்று கேட்பார்.

கோடையில் ஒருநாள் அவர் நூல் வாங்க ராஜபாளையம் போனார். காலையில் போனவர் சாயங்காலம்தான் வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவராகவே ஆரம்பித்தார்.

"உன் மக கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஷெட்டுக்குள்ள உக்காந்திருக்கா. அப்பன் வந்து வாசல்ல நிக்கேன். எந்திரிக்கக்கூட இல்ல பாத்துக்கோ. 'அங்கனயே நில்லுங்க, கிட்ட வராதீங்க'ன்னு சொல்லுதா."

"அய்யய்யோ" என்றாள் அம்மா. "நீங்க கோவிச்சுக்கிட்டு வந்துட்டீங்களா?"

"எப்படி எந்திரிப்பா? கல்லு பாதி வளைஞ்சு நிக்குது." அப்பா தன் கையையே மெல்ல வளைத்துக் காட்டினார். "இப்படி வருது. நான் பாத்தேன்."

"அத்தான் எங்க?" என்று கேட்டேன் நான்.

"அவரா? அடுப்படியில நின்னு எனக்குக் காப்பி போட்டாரு." அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். "இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றார்.